மண்ணுக்குள் ஒரு கூட்டுக் குடித்தனம்

ஐப்பசி மாதத்து முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் குமாரலிங்கபுரத்துப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த சீமை அது. முந்திய வாரம் வரையில் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த கரிசல் காடு, ஒரே இரவில் கருமை ஏறி, ஈரம் பூத்து, புது மணம் வீசிக்கொண்டிருக்கும். வெறுங் காலுடன் வரப்பில் இறங்கியவன், உள்ளங்காலில் மண் அப்பிக்கொண்டு இரண்டு அங்குலம் உயரமாகித்தான் வீடு திரும்புவான்.

நாம் அங்கே சென்றிருந்த காலையில் சிறுவன் ஒருவன் பனையோலைக் கொட்டான் நிறையப் புற்றுக் காளான் பறித்துக்கொண்டு வந்தான். வெள்ளை வெளேரென்று, குடை விரியாத இளங் காளான்கள். அவனுடைய பாட்டி அவற்றை முறத்தில் கொட்டி மண்ணைத் தட்டிக்கொண்டே, "நேத்து இடிச்ச இடிக்குத்தான் பூமி வெடிச்சு இது வந்திருக்கு" என்றாள். பிறகு, கண்மாய்க் கரையைக் கையால் காட்டி, நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்டாள்.

"அய்யா, அந்தக் கரையிலே ரெண்டு தடவை கன்னு நட்டாங்க. அம்புட்டும் பட்டுப் போச்சு. யாருமே நடாத வேம்பு ஒண்ணு மட்டும் கல்லுக்கும் முள்ளுக்கும் நடுவுலே நிக்குது. இது என்ன கணக்கு?"

கிழவியின் கேள்விக்கு நாம் உடனே விடை சொல்லவில்லை. ஆடு கடித்திருக்கலாம், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் போயிருக்கலாம், பையில் வளர்ந்த வேர் சுருண்டு போயிருக்கலாம். இவை யாவும் உண்மையான காரணங்களே. ஆனால் இவற்றுக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. அது அவள் முறத்திலேயே, காளானின் அடியில் ஒட்டியிருந்த மண்ணிலேயே இருந்தது. அந்தச் சமாசாரத்தைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

காளான் என்பது கனி மாத்திரமே

நிலையில்லாத செல்வத்தை "மழைக் காளான் போல" என்று சொல்வது நம்மவர் வழக்கம். காளானைப் பொறுத்த வரையில் இது பெரிய அநியாயம். நம் கண்ணுக்குத் தெரியும் குடை, மாமரத்திற்கு மாம்பழம் எப்படியோ அப்படித்தான். பழம் இரண்டு நாளில் அழுகிவிடும், மரம் அழிவதில்லை. காளானின் மரமோ மண்ணுக்குள் இருக்கிறது. பருத்தி நூலைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு மெல்லிய இழைகளாய், ஒன்றோடொன்று பின்னி, கண் காணாத வலையாய்ப் படர்ந்திருக்கிறது. மழை வந்ததும் அது தன் விதைத் தூளைக் காற்றில் பரப்புவதற்காக ஒரு குடையை மேலே நீட்டுகிறது. அவ்வளவுதான்.

இத்தகைய பிராணிகளுக்குப் பூசணம் அல்லது பூஞ்சை என்று பொதுப் பெயர். பிராணி என்று நாம் சொன்னதற்காக ஆட்சேபிக்க வேண்டாம். இவை செடி கொடிகளின் இனமுமல்ல, மிருகங்களின் இனமுமல்ல. இலைகளைப் போல் வெயிலிலிருந்து உணவு சமைக்க இவற்றுக்குத் தெரியாது. வாயும் வயிறும் கிடையா. எதன் மேல் படர்கிறதோ அதன் மேலேயே ஜீரண ரசத்தைச் சுரந்து, கரைத்து, உறிஞ்சி வாழ்கின்றன. ஈரக் கரண்டி பட்ட ஊறுகாய் ஜாடியில் நாலாம் நாள் ஆடை போல் படர்வதும், மழைக் காலத்தில் தோல் செருப்பின் மேல் பச்சை பூப்பதும், கிழவியின் முறத்தில் இருந்ததும் ஒரே வமிசத்தைச் சேர்ந்தவை.

புற்றுக் காளானின் சரித்திரம் இன்னும் விநோதமானது. அது கறையான்கள் செய்யும் பயிர். கறையான்கள் சருகையும் சுள்ளியையும் மென்று புற்றுக்குள்ளே கொண்டுபோய், தேனடை போன்ற மேடை கட்டி, அதன்மேல் இந்தப் பூசணத்தை வளர்க்கின்றன. மரச் சத்தைக் கரைக்கும் வேலையைப் பூசணம் செய்கிறது. பக்குவமானதைக் கறையான் தின்கிறது. மனிதன் ஏர் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்குக் கோடிக் கணக்கான வருஷங்களுக்கு முன்பே இந்த விவசாயம் ஆரம்பமாகிவிட்டது.

வேரோடு செய்துகொண்ட ஒப்பந்தம்

கறையானோடு கூட்டு வைத்துக்கொண்ட இந்த இனம், மரத்தோடு கூட்டு வைத்துக்கொள்ளாமல் இருக்குமா?

1885-ம் வருஷத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் பிராங்க் என்ற தாவர சாஸ்திரி ஒரு விஷயத்தை வெளியிட்டார். நிலத்தடியில் விளையும் விலை உயர்ந்த ஒரு காளானைப் பயிர் செய்ய வழியுண்டா என்று கண்டறியும்படி பிரஷ்ய அரசாங்கம் அவரைக் கேட்டிருந்தது. அவர் அதைத் தேடிக் காட்டு மரங்களின் வேரைத் தோண்டினார். ஆரோக்கியமான மரங்களின் நுனி வேர்களெல்லாம் பூசண இழைகளால் போர்த்தப்பட்டிருக்கக் கண்டார். இது நோய் அல்ல, உறவு என்று துணிந்து கூறி, 'மைக்கோரைசா' என்று அதற்குப் பெயரும் சூட்டினார். 'பூசண வேர்' என்பது அதன் பொருள். நம் நாட்டு விவசாய நூல்கள் இதை வேர்ப்பூசணம் என்றும், வேருக்கு உள்ளேயே குடிபுகும் வகையை வேர் உட்பூசணம் என்றும் வழங்குகின்றன.

அன்று பல பண்டிதர்கள் பிராங்க்கின் கூற்றை ஒப்பவில்லை. இன்றோ, பூமியிலுள்ள செடி வகைகளில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் உட்பூசணத்தோடு கூடி வாழ்பவை என்று கண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் சுமார் நாற்பது கோடி வருஷங்களுக்கு முன் கல்லாய்ச் சமைந்துபோன ஆதிச் செடிகளிலும் இதே மாதிரியான பூசணத்தின் அடையாளம் இருக்கிறது. அச் செடிகளுக்கு அக்காலத்தில் சரியான வேர்கூடக் கிடையாது. வேர் உண்டாவதற்கு முன்பே இந்த உறவு உண்டாகிவிட்டது!

உறவின் வியாபாரம் மிகவும் நேர்மையானது. செடிக்கு மணிச் சத்து, அதாவது பாஸ்பரஸ், அவசியம் வேண்டும். ஆனால் அது மண்ணில் அசையாமல் கிடக்கும் சரக்கு. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளதை உறிஞ்சிவிட்டால் அப்புறம் பட்டினிதான். பூசண இழையோ வேரின் மயிரிழையிலும் மெல்லியது. மண் துகள்களின் சந்து பொந்துகளிலெல்லாம் நுழைந்து சில அங்குலம் வரையில் போகும். ஒரு சிட்டிகை மண்ணில் பல மீட்டர் நீளமுள்ள இழை இருக்கலாம். அது தேடிக் கொண்டுவரும் பாஸ்பரஸையும், துத்தநாகம் முதலிய உப்புக்களையும், ஓரளவு நீரையும் வேரிடம் ஒப்படைக்கிறது. பிரதியாக மரம் தான் இலையில் சமைத்த சர்க்கரையைக் கொடுக்கிறது. தன் சம்பாத்தியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரையில்கூட மரம் இதற்காகச் செலவிடுவது உண்டு. வீண் செலவாக இருந்தால் நாற்பது கோடி வருஷம் தாக்குப் பிடித்திருக்குமா?

இந்தக் கூட்டுக் குடித்தனத்தில் சேராமல் தனிக் குடித்தனம் நடத்துகிறவர்களும் உண்டு. நம் அடுக்களைக் கடுகும், முள்ளங்கியும், முட்டைக்கோசும் அந்த ரகம். ஆனால் வேம்பு, புளி, கருவேல், சோளம், கம்பு, உளுந்து, பருத்தி, மிளகாய் என்று கரிசல் சீமை நம்பியிருக்கும் பயிர்களும் மரங்களும் கூட்டுக் குடித்தனக்காரர்களே.

நம் தேசத்தில் நடந்த ஆராய்ச்சி

இந்தியாவில் பூசண சாஸ்திரத்திற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் எட்வின் ஜான் பட்லர் என்ற ஐரிஷ்காரர். 1901-ல் இந்தியாவுக்கு வந்து, பிறகு பீகாரில் பூசா என்ற இடத்து விவசாய ஆராய்ச்சி சாலையில் வேலை பார்த்தவர். நம் பயிர்களைத் தாக்கும் பூசணங்களைப் பற்றி அவர் 1918-ல் வெளியிட்ட புத்தகம் அநேக வருஷங்கள் பாடப் புத்தகமாக இருந்தது. வேர் உட்பூசணத்தைப் பற்றி 1939-ல் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையையும் பிற்காலத்தார் ஆதாரமாகக் கொண்டார்கள்.

அன்னியர் போட்ட சுழியை நம்மவர் வியாசமாகவே எழுதி முடித்தார்கள் என்று சொல்வதில் நமக்குப் பெருமைதான். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் பயின்று திரும்பிய டி. எஸ். சதாசிவன், சென்னைப் பல்கலைக் கழகத்துத் தாவரவியல் ஆராய்ச்சி சாலையின் தலைமையை 1944-ல் ஏற்றார். அவரும் அவருடைய மாணவர்களும் எடுத்துக்கொண்ட கேள்வி, கரிசல் விவசாயியின் கேள்வியே: தழைத்து நின்ற பருத்திச் செடி ஏன் திடீரென்று வாடிச் சாகிறது? காரணம் ஃபுசேரியம் என்ற மண் பூசணம். அது வேர் வழியாக ஏறி, நீர் செல்லும் குழாய்களுக்குள் புகுந்து, விஷத்தைச் சுரந்து செடியைக் கொல்கிறது. கூட்டுக் குடும்பத்தில் குடிகெடுக்கும் உறவினனும் ஒருவன் இருப்பான் அல்லவா? அவன்தான் இவன்.

ஆனால் அந்த ஆராய்ச்சியின் சாரம் நோயைக் காட்டிலும் பெரியது. வேரைச் சுற்றியுள்ள மண் வெறும் மண் அல்ல. அங்கே நல்லதும் பொல்லாததுமாகப் பல வகைப் பூசணங்கள் இடத்திற்கும் உணவிற்கும் போட்டியிட்டுக்கொண்டிருக்கின்றன. நல்லவை நிறைந்திருக்கும் மண்ணில் பொல்லாதவைக்கு இடம் குறுகுகிறது. அதே பரம்பரையில் வந்த சி. வி. சுப்பிரமணியன், இந்தியாவின் கண் காணாப் பூசணங்களை இனம் பிரித்துப் பெயரிடுவதில் ஆயுளைச் செலவிட்டார். 1971-ல் வெளிவந்த அவருடைய பெருநூலை உலகமெங்கும் பூசண ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கரிசலின் பூட்டும் சாவியும்

கரிசல் மண்ணில் பாஸ்பரஸ் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. சுண்ணாம்போடு சேர்ந்த பாஸ்பரஸ் கரையாத உப்பாகிப் பூட்டிக் கிடக்கிறது. விவசாயி விலை கொடுத்து வாங்கிப் போடும் உரத்திலும் ஒரு பகுதி இவ்வாறே பூட்டப்படுகிறது. அந்த உரத்திற்கு மூலமான பாஸ்பேட் கல்லில் பெரும் பங்கை நம் தேசம் மொராக்கோ, ஜோர்டான் முதலிய அன்னிய நாடுகளிலிருந்தே தருவிக்கிறது. வெளியிலிருந்து வாங்கியதை நம் மண்ணிலேயே பூட்டிவிட்டு, மறுபடியும் வாங்கப் போகிறோம். இந்தப் பூட்டுக்குச் சில சாவிகள் உண்டு. அவற்றில் ஒன்று பூசணத்தின் கையில் இருக்கிறது.

அந்தச் சாவி தொலைந்துபோனால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். அங்கே குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் நம் கரிசலைப் போலவே வெடித்துப் பிளக்கும் களிமண் பூமி இருக்கிறது. மழை பொய்த்த காலத்தில் நிலத்தைப் புல் பூண்டு இல்லாமல் சுத்தமாக வைத்து, வருஷத்திற்கு மேல் தரிசு போடுவார்கள். ஈரம் சேரும், நோய் குறையும், அடுத்த வெள்ளாமை அமோகமாக வரவேண்டும் என்பது கணக்கு. ஆனால் பயிர் குன்றிப் போயிற்று! ஜே. பி. தாம்ஸன் என்ற ஆராய்ச்சியாளர் 1987-ல் காரணத்தை எடுத்துக் காட்டினார். உயிருள்ள வேர் இல்லாத நிலத்தில் வேர் உட்பூசணம் உணவின்றி மடிந்துவிடுகிறது. அப்புறம் விதைத்த சூரியகாந்திப் பயிர், பாஸ்பரஸ் இருந்தும் அதை எடுக்கத் துணையின்றித் தவிக்கிறது.

நம் கண்மாய்க் கரையைப் பற்றிக் கிழவி கேட்டதற்கு இதில் பாதி விடை அடங்கியிருக்கிறது. நாற்றங்காலில் பையில் வளரும் கன்று, சலித்த மணலும் எருவும் கலந்த மண்ணில், வேளைக்கு வேளை தண்ணீர் குடித்து, செல்லப் பிள்ளையாக வளர்கிறது. அந்த மண்ணில் துணைப் பூசணம் இல்லாமலும் இருக்கலாம். அங்கிருந்து எடுத்து, இயந்திரத்தால் தோண்டிப் புரட்டிய மேட்டு மண்ணில் நட்டால், அங்கேயும் பூசணம் அரிது. கன்று ஊருக்குப் புதிது. உறவு ஒன்றும் இல்லை. சித்திரை வெயில் மட்டும் காத்திருக்கிறது. தானாய் முளைத்த வேம்போ அப்படியல்ல. முளைத்த இடத்திலேயே பழைய புதர் வேர்களின் பூசணம் அதற்குக் கை கொடுத்திருக்கும்.

மரத்துக்கு மரம் நாடு விட்டு நாடு போகையிலும் இதே கதைதான். போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் மரம் வளர்க்க எவ்வளவோ முயன்றும் கன்றுகள் மஞ்சளித்து நின்றுவிட்டன. 1950-களில் அமெரிக்காவின் பைன் காடுகளிலிருந்து மண்ணைத் தருவித்து வேரடியில் போட்டார்கள். கன்றுகள் தழைத்தன. மரத்தைக் கொண்டுபோனவர்கள் அதன் சுற்றத்தாரை அழைத்துச் செல்ல மறந்ததே அதுவரையில் நேர்ந்த குறை.

எல்லா விருந்தாளியும் இப்படித் தவிப்பதில்லை என்பதற்கு அத்தாட்சியும் இந்தச் சீமையிலேயே இருக்கிறது. 1877-ம் வருஷத்தையொட்டி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல், வந்த இடத்தில் நம் மண்ணின் உட்பூசணங்களையே வேலைக்கு அமர்த்திக்கொண்டு, நம் மண்ணையே பிடித்துக்கொண்டது. இந்த மாதிரிக் கதை நம் தேசத்தாருக்குப் புதிதல்லவே!

குண்டாற்றோடு கடலுக்கு

கரிசல் காட்டில் பெய்யும் மழை கண்மாய்களை நிரப்பிய பின் என்ன ஆகிறது? திருச்சுழியின் ஓரமாக ஓடும் குண்டாறு, கமுதி வழியாகச் சென்று, மூக்கையூருக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆறு பெருகும் வருஷங்களில் நம் வயல்களின் வண்டலும் அதனோடு போகிறது. அந்தக் கடற்கரை வழியே கிழக்கே போய், பாம்பன் பாலத்தை வலப்புறம் விட்டு வடக்கே திரும்பி, தேவிபட்டினத்தைக் கடந்தால், தொண்டிக்குப் போகும் வழியில் காரங்காடு என்ற மீனவர் கிராமம் வரும். அங்கே இன்னொரு வகையான மரங்கள் நிற்கின்றன. கடலில் கால் வைத்து நிற்கும் அலையாத்திக் காடு அது.

கரிசலில் தண்ணீர் இல்லாமல் தவிப்பு. இங்கே தண்ணீர் மிஞ்சியதால் தவிப்பு. தண்ணீரோ உப்பு. சேற்றுக்குள் காற்று நுழைய முடியாது; காலை எடுத்தால் அழுகிய முட்டை நாற்றம் எழும். மரங்கள் மூச்சு விடுவதற்காக வேர்களை ஈட்டி போல் சேற்றுக்கு மேலே நீட்டி வைத்திருக்கின்றன. இத்தகைய இடத்தில் பூசணம் வாழுமா என்ற சந்தேகம் நியாயமானதே. 1955-ல் ஆஸ்திரேலியாவில் கிரிப் தம்பதிகள் அலையாத்தி வேர்களின் மேல் கடற் பூசணங்கள் வாழ்வதைக் கண்டு எழுதினார்கள். அது முதல் உலகெங்கும் இந்த ஆராய்ச்சி வளர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் நடந்த தேடல் சுவாரஸ்யமானது. சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மோகன்குமார், மகாதேவன் ஆகிய இருவரும் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம் காட்டு மரங்களின் வேர்களில், கரிசல் மரங்களுக்கு உதவும் அதே உட்பூசணம் உண்டா என்று தேடினார்கள். இல்லை என்று 1986-ல் எழுதினார்கள். பின்னர் 2002-ல் வங்காளத்தைச் சேர்ந்த சென்குப்தா, சௌதுரி என்ற இருவர், கங்கை கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் தேடியபோது பல செடிகளில் உட்பூசணம் இருக்கக் கண்டார்கள். இரண்டும் முரண் அல்ல. உட்பூசணத்திற்குக் காற்று வேண்டும். அதிக உப்பு ஆகாது. ஆற்றின் நன்னீரும் வண்டலும் தாராளமாக வந்து சேரும் இடத்தில் அது தாக்குப் பிடிக்கிறது. உப்பும் சேறும் ஓங்கிய இடத்தில் அருகிவிடுகிறது.

அப்படியானால் சேற்றுக் காட்டில் மரத்திற்கு உதவுகிறவர் யார்? வேறு பல பூசணங்களும் நுண்ணுயிர்களும் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கின்றன. மெக்சிக்கோ நாட்டின் வறண்ட கடற்கரையில் அலையாத்தி வேர்களைச் சுற்றியுள்ள மண்ணை ஆராய்ந்தவர்கள், பூட்டிக் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைத்துவிடும் பாக்டீரியாக்களையும் ஒரு பூசணத்தையும் பிரித்தெடுத்து 2000-ல் வெளியிட்டார்கள். அந்தப் பூசணம், வெங்காயத் தோலின் மேல் கரித்தூள் போல் படிகிறதே, அந்தக் கரும் பூசணத்தின் இனமேயாகும்!

இலையிலிருந்து இறாலுக்கு

அலையாத்தி மரத்தின் இலை தடித்தது, துவர்ப்பானது. பச்சையாய் அதைத் தின்னும் பிராணிகள் குறைவு. பழுத்த இலை சேற்றில் விழுந்ததும் சில மணி நேரத்திற்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத நீர்வாழ் பூசணங்களும் அவற்றை ஒத்த நுண்ணுயிர்களும் அதைப் பற்றிக்கொள்கின்றன. துவர்ப்பு கடல் நீரில் கரைந்து போகிறது. இலையின் நார்ச் சத்தைப் பூசணம் கரைக்கிறது; தன் உடலால் அதில் புரதத்தைச் சேர்க்கிறது. சக்கையாய் விழுந்த இலை, நாளாக ஆகச் சத்துள்ள உணவாக மாறுகிறது. மாவு புளித்துப் பக்குவமாவது போல என்று நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சொன்னால் சட்டென்று விளங்கிவிடும்.

அந்தத் துணுக்குகளைத்தான் நண்டும், இறாலும், சிறு மீன்களும் தின்கின்றன. அவற்றைப் பெரிய மீன்கள் தின்கின்றன. அமெரிக்காவில் புளோரிடா கடற்கரையில் ஓடம், ஹீல்ட் என்ற இருவர் 1970-களின் தொடக்கத்தில் இந்தச் சங்கிலியை, மீன்களின் வயிற்றிலுள்ளதைப் பரிசோதித்தே எடுத்துக் காட்டினார்கள். காரங்காட்டு மீனவப் பெண் கூடையில் சுமந்து வரும் இறாலுக்குள் அலையாத்தி இலையும் இருக்கிறது. அதைச் சமைத்துப் பக்குவப்படுத்திய பூசணமும் இருக்கிறது. பிச்சாவரத்திலும் சென்னைப் பல்கலைக் கழகத்தார், சுரபுன்னையின் உதிர்ந்த பாகங்கள் மக்கும்போது எந்தெந்தப் பூசணங்கள் அவற்றில் குடியேறுகின்றன என்று ஆராய்ந்து 1996-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

தில்லை வனத்தின் பாடம்

சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயர் வந்ததே ஓர் அலையாத்தி மரத்தினால்தான். பால் வடியும் தில்லை மரம் இன்றும் பிச்சாவரத்தில் வளர்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே உள்ள அந்தக் காட்டை, அன்னியர் ஆட்சியில், பகுதி பகுதியாக முழுவதும் வெட்டி எடுக்கும் முறையை ஏற்படுத்தினார்கள். சுதந்திரம் வந்த பிறகும் 1970-கள் வரையில் அது நிற்கவில்லை. வெட்டினால் மறுபடி முளைத்துவிடும் என்று நினைத்தார்கள், முளைக்கவில்லை. நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து, அமிழ்ந்து, தட்டுப் போலக் குழிந்தது. ஏறிய கடல் நீர் இறங்க வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிற்று. விதை விழுந்தும் வேர் பிடிக்கவில்லை. மரத்தை இழந்தவர்கள் மண்ணையும் இழந்தார்கள்.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், வனத் துறையோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். அலை ஏறவும் இறங்கவும் வழி ஏற்பட்டது. உப்புக் கரைந்து வெளியேறியது. பிறகுதான் கன்றுகள் நின்றன. முதலில் மண்ணுக்கு உயிர் கொடு, பிறகு மரத்தை நடு என்பதே அந்த வாய்க்கால்களின் பாடம்.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்தபோது அந்தக் காட்டின் அருமை ஊருக்குத் தெரிந்தது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கதிரேசனும், அவருடன் ராஜேந்திரனும், அக்கரையோரத்துப் பதினெட்டுக் குப்பங்களை ஆராய்ந்து 2005-ல் எழுதினார்கள். காடும் மரமும் அடர்ந்த இடங்களுக்குப் பின்னிருந்த குப்பங்களில் உயிர்ச் சேதமும் பொருட் சேதமும் குறைவு என்பது அவர்கள் கண்டது. மேட்டு நிலமும் கடலிலிருந்து உள்ள தூரமும் காரணம் என்று வாதாடியவர்களும் உண்டு. ஆயினும் காட்டை வெட்டினால் நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை.

2021-ம் வருஷத்து அரசாங்க வனக் கணக்கின்படி, இந்தியாவில் உள்ள அலையாத்திக் காடு 4,992 சதுர கிலோமீட்டர். அதில் நீண்ட கடற்கரை படைத்த தமிழ்நாட்டின் பங்கு 45 மாத்திரமே. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

நம்மால் ஆகக் கூடியது

இவ்வளவும் படித்துவிட்டு, "நாம் என்ன செய்ய முடியும்?" என்று நேயர்கள் கேட்கலாம். செய்யக் கூடியது அதிகம், செலவோ குறைவு.

கன்று நடும்போது, அதே இனத்தைச் சேர்ந்த நோயற்ற முதிய மரத்தின் அடியில், மேல் மண்ணை நீக்கி, நுனி வேர்கள் ஓடும் இடத்திலிருந்து இரண்டு கை மண்ணை எடுத்துக் குழியிலோ நாற்றுப் பையிலோ சேருங்கள். பட்டுப்போன மரத்தின் அடி மண் மட்டும் வேண்டாம். அதில் குடிகெடுக்கும் உறவினன் இருக்கக்கூடும். உட்பூசணத்தை வளர்த்து உரமாகவே கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக் கழகத்தில் தயாரிக்கிறார்கள்; அதுவும் நல்லதே. ஆனால் கடையில் வாங்கும் பூசணம் எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. உள்ளூர் மண்ணில் ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றுவது அதற்கு முந்திய கடமை.

சருகைக் கொளுத்தாதீர்கள். நிலத்தை வருஷக் கணக்கில் வெறுமையாகப் போடாமல், ஒரு பயறு வகையையாவது தெளித்து வையுங்கள். உயிருள்ள வேர் ஒன்று இருந்தால் பூசணத்திற்கு அன்னம் உண்டு. பாஸ்பேட் உரத்தை அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால், மரம் தன் கூட்டாளிக்குச் சர்க்கரை கொடுப்பதை நிறுத்திக்கொள்ளும் என்பதும் ஞாபகமிருக்கட்டும். வெளியார் சரக்கு தாராளமாகக் கிடைக்கும்போது வீட்டுக் கைத்தொழில் நசித்துப் போவது நமக்குத் தெரிந்த பாடம்தானே! அலையாத்திக் காட்டுக்கோ, ஆற்று நீர் ஒரு துளியாவது கடல் வரையில் போய்ச் சேர வேண்டும். கடலுக்குப் போகும் நீரெல்லாம் வீண் என்று பேசுவோர் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

குமாரலிங்கபுரத்திலிருந்து நாம் புறப்படும்போது கிழவியிடம் இவ்விஷயத்தை நம்மால் இயன்ற வரையில் எடுத்துச் சொன்னோம். ஆடு கடிக்காமல் முள் அடைக்க வேண்டும், முதற் கோடையில் குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அப்போ, ஒத்தையிலே எந்த மரமும் நிக்கிறதில்லேன்னு சொல்லுங்க" என்றாள்.

முறத்திலிருந்து தட்டிய மண்ணை அவள் குப்பையில் போடவில்லை. பேரனை அழைத்து, வாசல் வேப்பங்கன்றின் அடியில் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னாள். புற்று மண்ணின் பூசணம் வேம்பின் வேருக்குத் துணை நிற்கும் இனம் அல்ல என்று நமக்குத் தெரியும். ஆயினும் அந்தப் பிடி மண்ணை வேண்டாமென்று தடுக்க நமக்கு மனம் வரவில்லை.